சாராளம்மாவின் கேசட்

வாசுதேவன் பேட்டிக் கேசட்டைப் போட்டார். நெம்மேலி சாராளம்மாவின் குரல் வரவேண்டிய இடத்தில், அவருடைய சொந்த மகள் ஸ்வாதி பள்ளி ஆண்டுவிழாப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள்; வீட்டில் அதன் மேலேயே பதிந்துவிட்டாள்.

அது 1998. பல்கலைக்கழகத்தில் வட்டார வரலாற்று ஆவணக் காப்பகத்தை வெள்ளிக்கிழமை திறக்கிறார்கள். வாசுதேவன் அங்கே உதவியாளர். பஞ்ச காலத்தில் ஊர்ப் பண்ணையார் தன் கிணற்றைக் காலனி மக்களுக்குத் திறந்துவிட்டதாகச் சாராளம்மா சொன்ன பேட்டிதான் விழாவில் ஒலிக்க வேண்டும். அழைப்பிதழில் 'கிணறு திறந்த வள்ளல்' என்று தலைப்பே அச்சாகிவிட்டது.

துறைத் தலைவர் சகுந்தலாவிடம் சொல்லப் பயந்து, டேப் ரிக்கார்டரும் புதுக் கேசட்டுமாக நெம்மேலிக்குப் பஸ் ஏறினார்.

சாராளம்மா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அந்தக் கிணத்துக் கதைய இன்னொரு வாட்டி சொல்லணும்மா. மிஷின் ரிப்பேர்."

"அதுக்கின்னா சார், சொல்றேன்."

வாசுதேவன் பதிவுப் பொத்தானை அழுத்தினார்.

"பண்ணையாரு கிணத்து மேல முள்ள வெட்டிப் போட்டாரு. காவலுக்கு ஆள் வேற. நாங்க கடலோரம் மணல்ல ஊத்து தோண்டி, கொட்டாங்கச்சியில மொண்டு குடிச்சோம். என் தங்கச்சி அந்த வருசந்தான் செத்துப்பூட்டா."

வாசுதேவன் பதறி நிறுத்தினார். "அவரு கிணத்த தொறந்து விட்டாருன்னீங்களே?"

"தொறந்தாரு சார். மழை பேஞ்சப்புறம்."

வேறு வழியின்றிக் குறிப்பேட்டை எடுத்து, முன்பு அவர் சொன்னதை அவருக்கே வாசித்தார். "'தெய்வம் மாதிரி நின்னு, தன் கையால எறச்சி ஊத்துனாரு...'"

சாராளம்மா ரசித்துக் கேட்டார். "நல்லாகீது சார். யாரு சொன்னது?"

"நீங்கதாம்மா! இதையே அப்படியே திருப்பிச் சொல்லிடுங்களேன்."

"நீயே சொல்லிடு சார். ஒன் கொரலு நல்லாகீது."

மீன் சட்டியோடு அவர் உள்ளே போய்விட்டார்.

மேலே பதிந்து அழித்துவிட, வாசுதேவன் கேசட்டைப் பின்னால் சுற்றிப் பதிவுப் பொத்தான்மேல் விரலை வைத்தார். அழுத்த முடியவில்லை. பெயர்கூடக் கேட்காத அந்தத் தங்கை இப்போது இந்தக் கேசட்டில் மட்டும்தான் இருந்தாள்.

சாராளம்மாவின் மருமகள் ஜெஸ்ஸி டீயை நீட்டினாள்.

"போன தடவை ஏம்மா உங்க அத்தை அப்படிச் சொன்னாங்க?"

"வழி காட்றேன்னு ஒங்கள காருல கூட்டியாந்து, பேசி முடிக்கிற வரிக்கும் பக்கத்துலயே குந்திகினு இருந்தாரே, அவுருதான் சார் பண்ணையாரு புள்ள."