மச்சானின் கேம் பெட்டிக்கு மருந்தடித்த கதை

புதுமாப்பிள்ளை கையில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுக்கக் கூடாது. மாமனார் வீட்டில் தன்னை ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பதற்றத்தில் எதையாவது கழற்றிவிடுவான். நான் கழற்றியது மச்சானின் பழைய வீடியோ கேம் பெட்டியை.

துபாய்க்குப் போகும்போது மச்சான், "மாப்ள, இது ஒங்க பொறுப்பு. காலேஜ்ல இருந்து நான் ஆடுன ஆட்டம் பூரா இதுக்குள்ளதான் கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் ஊருக்கு வருகிற அன்று போட்டுப் பார்த்தால், மாவு மில் மாதிரி இரைந்தது. உள்ளே தூசி, புளோயரால் ஊதினால் சரியாகும் என்றது இணையத்தில் பார்த்த வீடியோ. சுருளிப்பட்டியில் புளோயருக்கு எங்கே போவது? மாமனாரிடம் திராட்சைக் கொடிக்கு மருந்தடிக்கிற, முதுகில் மாட்டும் மிஷின் இருந்தது. டேங்க் காலி. வெறும் காற்றுதானே வரும்! (முதலில் என் மூளையைத்தான் தூசி தட்டியிருக்க வேண்டும்.)

பெட்டியின் மூடியைக் கழற்றி வாசலில் வைத்து மிஷினை ஸ்டார்ட் செய்தேன். தூசி பறந்தது. பின்னாலேயே குழாயில் தங்கியிருந்த மயில்துத்த மருந்தும் பீய்ச்சி அடித்தது. உள்ளே இருந்த அத்தனையும் நீலம்.

"என்னங்க, அண்ணே ஆண்டிபட்டி கணவாய் தாண்டிருச்சாம்!" என்று உள்ளேயிருந்து கத்தினாள் என் மனைவி ஸ்டெல்லா.

துணியால் ஒற்றினேன். அவளுடைய ஹேர் டிரையரை எடுத்துக் காயவைத்தேன்.

"தேனி வந்துருச்சாம்!"

மூடியைப் பூட்டும்போது ஒரு ஸ்க்ரூ உருண்டோடியது.

"சின்னமனூராம்!... கம்பமாம்!"

மூடியை அமுக்கி, பெட்டியை டிவிக்குக் கீழே வைத்து நிமிரும்போது வெளியே கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

வெள்ளைச் சட்டையில் வந்த மச்சான் நேராக அதன் முன்னால்தான் உட்கார்ந்தார். சுவிட்சைப் போட்டார். விளக்கு எரியவில்லை. நான் வேளாங்கண்ணிக்கு மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டேன். எரிந்தது! இரைச்சலே இல்லை. அவருடைய பழைய ஆட்டம் திரையில் வந்தது.

"அட, புதுசு மாதிரி ஓடுதே மாப்ள!" என்று குனிந்து பார்த்தார்.

அந்த நேரம் பார்த்தா பெட்டிக்குள் இருந்த ஃபேன் வேகமெடுக்க வேண்டும்? காய்ந்த மருந்தெல்லாம் நீலப் பொடியாக அவர் முகத்திலும் சட்டையிலும் அடித்தது. டப்பென்று பெட்டி அணைந்தது.

மாமனார் மகனின் சட்டையைத் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"மருந்து மிஷின யாரு எடுத்தாக?"

நான் மெல்லக் கையைத் தூக்கினேன். அவர் மகனின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"விடுறா. இனிமே ஒனக்கு இலைக்கருகல் வராது."

பெட்டி பிழைக்கவில்லை. மச்சானின் ஆட்டமெல்லாம் பதிந்திருந்த ஹார்ட் டிஸ்க் பிழைத்தது. அதனால்தான் நானும் பிழைத்தேன். மொட்டையும் போட்டாயிற்று. இப்போதெல்லாம் மச்சான் துபாய்க்குக் கிளம்பும்போது டிவி, லேப்டாப், புதுப் பெட்டி எல்லாவற்றையும் ஸ்டெல்லாவிடம் ஒப்படைப்பார். பிறகு காரில் ஏறி உட்கார்ந்து, வீடே கேட்கிற மாதிரி என்னிடம் சொல்வார்:

"மாப்ள, திராட்சைத் தோட்டம் மட்டும் ஒங்க பொறுப்பு!"