ஹரிணிக்குக் கிடைத்த வெளிமாநிலக் கட்டில்

ஓசூர்,
வியாழக்கிழமை காலை, வேதியியல் வகுப்பின் கடைசி பெஞ்ச்.

மதிப்பும் மரியாதையும் தேவையான அளவு பயமும் கலந்து கிருஷ்ணப்பன் மாமா அவர்களுக்கு,

தங்கள் அக்கா மகன் திருமலை பணிவோடு எழுதுவது. இங்கே நான், அம்மா, போன மாதம் தங்கள் கைபட்டுக் கீறல் விழுந்த என் செல்போன், மூவரும் சௌக்கியம். அங்கே தாங்களும் மங்கம்மா அத்தையும் தங்கள் ரத்த அழுத்தமும் அவரவர் அளவில் இருக்க வேண்டுகிறேன். ஒரே தெருவில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். தங்கள் ஹார்டுவேர் கடையின் வாட்ஸப் குழுவில் 'இரண்டு மூட்டை சிமெண்ட் வாங்கினால் ஒரு மாமா இலவசம்' என்று நான் விளம்பரம் போட்ட நாள் முதல் என் நம்பர் தங்களிடம் பிளாக்கில் இருக்கிறது. நேரில் வந்தாலோ இருவருமே செருப்பைக் கழற்றுகிறோம். நான் வாசலில் விடுகிறேன், தாங்கள் கையில் வைத்துக்கொள்கிறீர்கள். ஆகவே இதை அத்தையின் டிபன் கேரியரில் மேல்தட்டில் வைத்து அனுப்புகிறேன். கீழ்த்தட்டில் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. சாப்பிட்டு முடித்துவிட்டுப் படிக்கவும், பிறகு இறங்காது.

முதலில் நல்ல செய்தி. தங்கள் மகள் ஹரிணி வெளிமாநிலத்தவள் ஆகிவிட்டாள். எங்கள் காலேஜில் இந்த வருஷம் வெளிமாநில மாணவர் உதவி மையம் என்று ஒன்றைத் திறந்தார்கள். நல்ல காரியம்தான். சுற்றிலும் கம்பெனி, கம்பெனிக்குள் ஒடிசாவும் பீகாரும் ஜார்க்கண்டும். அவர்கள் பிள்ளைகள் காலேஜுக்கு வந்தால் சான்றிதழுக்கு எங்கே போவது, விடுதிக்கு யாரைப் பார்ப்பது, வீட்டுக்காரர் திடீரென்று காலி பண்ணச் சொன்னால் என்ன செய்வது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டாமா. பொறுப்பு எங்கள் மணிமேகலை மேடம். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், தங்கமான மனசு, ஆனால் நம்ம ஊர் வழக்கம் தெரியாது. யார் வெளிமாநிலம் என்று கண்டுபிடிக்க, சேர்க்கை விண்ணப்பத்தில் பிறந்த இடம் எதுவோ அதை வைத்துக் கம்ப்யூட்டரில் பிரித்துவிட்டார். இங்கேதான் மாமா நம்ம ஊரே மாட்டிக்கொண்டது. நம்ம பக்கம் பெண் எடுப்பது மாலூரில், ஆனேக்கல்லில், குப்பத்தில். தலைப்பிரசவம் கட்டாயம் தாய்வீட்டில். ஆகவே ஓசூரில் பாதி வீட்டு மூத்த பிள்ளை கர்நாடகாவிலோ ஆந்திராவிலோ பிறந்து, மூன்றாம் மாதம் துணி சுற்றிக்கொண்டு எல்லை தாண்டி வந்தது. இரண்டாவது பிள்ளைக்கு அந்த மரியாதை கிடையாது, இங்கேயே பெரியாஸ்பத்திரி. கம்ப்யூட்டருக்கு இது என்ன தெரியும்? என் கூட்டாளி திம்மப்பன் வெளிமாநிலம், அவன் தம்பி உள்ளூர். ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள், நடுவில் செக்போஸ்ட் வைக்காத குறை. நான் இரண்டாவது என்பதால் தப்பித்தேன். ஹரிணி மூத்தவள், பிறந்தது அத்தையின் மாலூரில்.

போன வாரம் வரவேற்புக் கூட்டம். வேடிக்கை பார்க்க நானும் போய் உட்கார்ந்தேன். புலம்பெயர்ந்த மாணவர்கள் என்று வந்திருந்தது முழுக்க நம்ம ஆட்கள். அவர்கள் மனசு நோகக் கூடாது என்று மேடம் இந்தியில் ஆரம்பித்தார். 'கப்ராவ் மத்' என்றார். யாரும் கலங்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் புரியவில்லை. மொழிபெயர்க்க ஓர் உள்ளூர் மாணவியைத் தன்னார்வலராகப் போட்டிருந்தார்கள். அந்தப் பெண் மைக்கைப் பிடித்து, "பயப்பட வேணான்றாங்கப்பா. யார்னா உங்கள உங்க ஊருக்குப் போன்னு சொன்னா, இந்தக் கார்டுல இருக்கிற நம்பருக்குப் போன் போடணுமாம்" என்றாள். உடனே திம்மப்பன் எழுந்து, "எங்கப்பா தெனம் காலையில தோட்டத்துக்குப் போன்றாரு, அதுக்குப் போடலாமா?" என்று கேட்டான். அவள் மேடத்திடம் கேட்கவே இல்லை. "நீ போகாம படுத்துக்கினு இருக்கிறதுக்கு உங்கப்பாதான்டா இந்த நம்பருக்குப் போடணும்" என்றாள். அரங்கமே சிரித்தது. அதன்பின் யாருடைய ஒரிஜினல் சர்டிஃபிகேட்டையும் காலேஜோ காண்டிராக்டரோ பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது, ஆதார் எந்த ஊர் முகவரியில் இருந்தாலும் படிப்பை மறுக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாக அவள் நம்ம ஊர்த் தமிழில் சொல்ல, நம்ம ஊர்ப் பிள்ளைகள் கடமையாகக் கொட்டாவி விட்டார்கள். கடைசியாக விடுதியில் கட்டில் ஒதுக்கினார்கள். ஹரிணிக்கு ஜன்னலோரம். அந்த ஜன்னலைத் திறந்தால் காலேஜ் மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் தங்கள் வீட்டு மொட்டை மாடி, கொடியில் தங்கள் லுங்கி. தாய்மண்ணைப் பிரிந்த ஏக்கத்தில் ஹரிணி தினம் மத்தியானம் மதில் ஓரம் நிற்கிறாள், அத்தை குழம்புக் கிண்ணத்தை இந்தப் பக்கம் நீட்டுகிறார்.

இனி கெட்ட செய்தி. மைக் பிடித்த அந்த உள்ளூர்ப் பெண்ணுக்குத்தான் கட்டில் வேண்டும். ஒடிசாவிலிருந்து பிழைக்க வந்த அவள் அப்பா அம்மாவைக் கம்பெனி குஜராத்தில் இருக்கும் இன்னொரு தொழிற்சாலைக்கு மாற்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ரயில். விடுதி கிடைத்தால் அவள் இங்கே படிப்பாள், கிடைக்காவிட்டால் மூட்டையோடு மூட்டையாக ரயில் ஏற வேண்டியதுதான். தனியாக அறை எடுத்து விட அவள் அப்பாவுக்குத் தைரியம் இல்லை. மேடத்திடம் போய் நின்றாள். மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "பிறந்த இடம் ஓசூர்னு இருக்கேம்மா. நீ உள்ளூர். இந்தக் கட்டிலெல்லாம் ஊர் விட்டு ஊர் வந்தவங்களுக்கு" என்று அன்பாகச் சொல்லி அனுப்பிவிட்டார். உள்ளூர் என்று ஒரு முத்திரைக்காக ஆசைப்பட்ட குடும்பம் மாமா, அது கிடைத்த அன்றைக்கு ஊரை விட்டுப் போகச் சொல்கிறது.

ஹரிணி உடனே தன் கட்டிலை விட்டுக்கொடுக்கப் போனாள். தங்கள் மகள் என்பதற்காகச் சொல்லவில்லை, முறைப்பெண் என்பதற்காகவும் சொல்லவில்லை, முறையான பெண் என்பதால் சொல்கிறேன். மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உள்ளூர்க்காரங்க யாரோ உன்னை மிரட்டுறாங்க, இல்லையா? உன் உரிமையை விட்றாதே" என்று கண் கலங்கினார். "மேடம், எங்க வூடு அதோ தெரியுது பாருங்க" என்று ஹரிணி ஜன்னலைக் காட்ட, மேடம் அவள் தலையைத் தடவி, "வீட்டு ஞாபகம் அப்படித்தாம்மா இருக்கும்" என்றார். கடைசியில் ஒரு வழி சொன்னார். பெற்றோரில் ஒருவர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் கட்டில் காலி. காலியான கட்டிலை, பெற்றோர் ஊரில் இல்லாத எந்த மாணவிக்கும் கொடுக்கலாம். உள்ளூர்ப் பாதுகாவலர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், அவ்வளவே.

இதைச் சொல்லத்தான் ஹரிணி செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்தாள். "அப்பா, ஒரு ஒடிசாப் பொண்ணுக்கு" என்று ஆரம்பித்தாள். பெயர் வாயிலிருந்து வருவதற்குள் தாங்கள் சொற்பொழிவைத் தொடங்கிவிட்டீர்கள். "கம்பெனி வேல அவனுக்கு, ரூம் அவனுக்கு, இப்ப காலேஜ் கட்டிலும் அவனுக்கா? நாம இந்த மண்ணுல பொறந்தவங்க. உரிமைய வுட்டுத் தராத, போ" என்றீர்கள். கடையில் சிமெண்ட் வாங்க வந்த இரண்டு பேர் தலையாட்டினார்களாம், அவர்கள் இருவரும் பீகார், தாங்கள் ஏதோ தள்ளுபடி பற்றிப் பேசுவதாக நினைத்திருக்கிறார்கள். மண்ணில் பிறந்தவள் என்று தாங்கள் சொன்ன ஹரிணி மாலூர் மண்ணில் பிறந்து, வெளியாள் என்று சொல்லிக் கட்டில் வாங்கி, வெளியாளுக்குத் தரக் கூடாது என்று அதில் படுத்திருக்கிறாள். மாமா, எனக்குக் கணக்கு வராது. இதைத் தாங்களே ஒரு தடவை போட்டுப் பார்க்கவும்.

ஹரிணி சொல்ல வந்த பெயர் சஸ்மிதா. தங்கள் லைன் வீட்டில் கடைசி அறையில் இருக்கும் பெஹராவின் மகள். பெஹரா அறையைக் காலி பண்ணுகிறேன் என்று வந்தபோது, குடும்பத்தோடு போகிறார்கள், அவ்வளவுதானே என்று தாங்கள் நினைத்திருப்பீர்கள். அவளை விட்டுவிட்டுப் போகத்தான் அந்த மனுஷன் காலேஜ் வாசலில் மூன்று நாளாக நிற்கிறார்.

அன்பால் தாங்கள் வரமாட்டீர்கள் என்றால் அச்சத்தால் வரவும். வெளிமாநில மாணவர் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறார்கள், தகப்பன் பெயரோடு. கட்டிலை விட்டால்தான் பெயரும் பட்டியலை விட்டுப் போகும். அடுத்த மாதம் வியாபாரிகள் சங்கத் தேர்தல். தங்களை எதிர்த்து நிற்கும் வெங்கடசாமிக்கு அந்தப் பக்கம் போட்டோ எடுக்க நேரம் கிடைத்தால், 'மண்ணின் மைந்தர் கிருஷ்ணப்பன்' என்று தாங்கள் அடித்த போஸ்டர் பக்கத்திலேயே அதை ஒட்டிவிடுவார். பசை நான் தரமாட்டேன், ஆனால் வாளியைத் தூக்க என்னைக் கூப்பிட்டால் பெரியவர் பேச்சை எப்படித் தட்டுவது? வருஷா வருஷம் கர்நாடகாவிலிருந்து சானமாவுக் காட்டுக்கு யானை வருகிறது. ராகியைத் தின்கிறது, திரும்பிப் போகிறது, அதை எந்தப் பட்டியலிலும் உள்ளூர், வெளியூர் என்று பிரிக்கவில்லை. தங்களுக்கும் அந்த உடம்பு இருக்கிறது, அந்த மனசும் இருக்கும் என்று நம்புகிறேன். நாளை வெள்ளிக்கிழமை காலை வந்து ஒரு கையெழுத்து. பாதுகாவலருக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன், அதற்குத் தங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன்.

கடை செழிக்கவும், கோபம் குறையவும், என் நம்பர் விடுதலை ஆகவும் வேண்டி, தூரத்திலிருந்தே தங்கள் கால்களைத் தொட்டு வணங்கும்,

திருமலை.

பின்குறிப்பு: மேலே எழுதியது எதுவும் தேவைப்படவில்லை. டிபன் கேரியரில் வைக்க அத்தையிடம் கொடுத்தேன். அத்தை படித்தது கன்னடம், தமிழ் எழுத்து மெல்லத்தான் ஓடும், "நீயே படிடா" என்றார். படித்தேன். பெஹரா பெயர் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, சேலை மாற்றிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு காலேஜுக்கு நடந்தார். இன்று தங்களுக்குச் சாப்பாடு தாமதமானதற்கு அதுதான் காரணம். வழியில் ஒரு விஷயம் சொன்னார், தாங்கள் யாரிடமும் சொன்னதில்லை. ஹரிணி மாலூரில் பிறந்த அதே வருஷம், பெஹரா மனைவிக்கு வலி எடுத்தபோது கடை டெம்போவில் வைத்துப் பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டியது தாங்களாம். "சொந்தப் பொண்ண மூணு மாசம் கழிச்சுத்தான் கண்ணால பாத்தாரு. அந்தப் பொண்ண அன்னைக்கே தூக்கிட்டாரு" என்றார் அத்தை. அவள் உள்ளூர் ஆனது தங்கள் டெம்போவால்தான் மாமா.

அத்தை கையெழுத்துப் போட்டாயிற்று. சஸ்மிதாவுக்கு ஜன்னலோரக் கட்டில். பாதுகாவலர் பெயரில் அத்தை தங்கள் பெயரைச் சொல்லிவிட்டார், ஆகவே பெஹரா குடும்பத்துக்கு ஞாயிற்றுக்கிழமை தங்கள் வீட்டில்தான் சாப்பாடு, கறி தாங்கள்தான் வாங்க வேண்டும்.

கிளம்பும்போது மேடம், "உங்களுக்கு எந்த ஊரும்மா?" என்று கேட்டார். "மாலூரு. கட்டிக்கினு இங்க வந்து பத்தொம்பது வருசம் ஆச்சு" என்றார் அத்தை. மேடம் எழுந்து நின்று, கையைப் பிடித்து, "இங்க எல்லாரும் உங்களை நல்லா நடத்துறாங்களா?" என்றார். இதுவரை யாரும் அத்தையிடம் அதைக் கேட்டதில்லை போல. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "கார்டு ஒண்ணு குடுங்க" என்றார்.

அந்த உதவி எண் இப்போது தங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. இரவு குழம்பில் உப்பு குறைந்தால், பார்த்துப் பேசவும்.