நெட்வொர்க் பரீட்சையில் ஒரு 'வாங்க'

நான்கு வருடங்களுக்கு முந்திய ஆனி மாதம் ஏழாம் தேதி, சனிக்கிழமை. வழக்கம்போல் விடியுமுன் எழுந்து, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, நாள்காட்டித் தாளைக் கிழித்துவிட்டு இட்லி சாப்பிட்டேன். கடைசி இட்லியை மட்டும் மறுத்தேன். (நாற்பத்தாறு வயதில் பரீட்சை எழுதுகிறவன் வயிற்றையாவது அடக்கி வைக்க வேண்டாமா?)

காரைக்குடியில் ஒரு கல்லூரியின் கணினிக்கூடத்தில் நான் உதவியாளன். அங்கே நெட்வொர்க் பொறுப்பாளர் வேலை காலியாகியிருந்தது. "இந்த மாசத்துக்குள்ள சான்றிதழ் கொண்டாங்க, நாற்காலி உங்களுக்குத்தான்" என்றிருந்தார் முதல்வர். அதற்காக எட்டு மாதம் சாயங்கால வகுப்புக்குப் போனேன். முதல் நாள் உள்ளே நுழைந்ததும் பையன்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள், வாத்தியார் வந்துவிட்டார் என்று. மூன்று நிற மையில் குறிப்பெடுத்த ஒரே மாணவன் நான்தான்.

பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதலாம். எங்கோ இருக்கும் கண்காணிப்பாளர் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். அறைக்குள் வேறு ஆள் வரக்கூடாது. நான் வாய் திறக்கக்கூடாது. மீறினால் பரீட்சை ரத்து.

அறைக் கதவில் 'பரீட்சை நடக்கிறது' என்று எழுதி ஒட்டினேன். மனைவி உமையாளை வாசலில் காவல் வைத்தேன்.

"யாரு வந்தாலும் உள்ள விட்றாதே."

"எமனே வந்தாலும் முகப்புலயே உக்கார வைக்கிறேன். நீங்க போய் எழுதுங்க."

எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. அந்த அறைக்குப் பின்பக்கமும் ஒரு கதவு உண்டு. அது யாரும் திறக்காத கதவு என்று கண்காணிப்பாளருக்கு ஆங்கிலத்தில் உறுதிமொழியே கொடுத்திருந்தேன்.

பாதிக் கேள்விகள் முடிந்தன. அடுத்த கேள்வி, இரண்டு கணினிகள் பேசத் தொடங்குமுன் எப்படி வணக்கம் சொல்லிக்கொள்கின்றன என்பது. ஒன்று அழைக்கும், மற்றது பதில் தரும். பதில் வராவிட்டால் முதலாவது சற்றுப் பொறுத்துத் திரும்பவும் அழைக்கும். அல்வா மாதிரிக் கேள்வி. விடையைத் தொடப்போனேன்.

யாரும் திறக்காத கதவு திறந்தது.

உமையாளின் அக்காள், மானகிரி சிகப்பி ஆச்சி. மகன் கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர், முன்தெருவில் லாரி மறித்ததால் பின்தெரு வழியாக வந்துவிட்டார்.

எங்கள் சமூகத்தில் ஒரு வழக்கம். வீட்டுக்கு வந்தவரைப் பார்த்த ஒவ்வொருவரும் தனித்தனியாக 'வாங்க' என்று கேட்டாக வேண்டும். அப்படிக் கேட்க மறந்த கொழுந்தனார் வீட்டுப் படியை ஆச்சி மூன்று வருடமாக மிதிக்கவில்லை.

நான் கைகூப்பினேன். தலையாட்டினேன். புருவத்தால்கூட வரவேற்றுப் பார்த்தேன்.

"நான் வந்திருக்கேன்" என்றார் ஆச்சி.

சற்றுப் பொறுத்தார்.

"தம்பி, நான்தான் வந்திருக்கேன்."

(பாடப்புத்தகத்தில் எழுதியிருந்தபடியே.)

"இருக்கட்டும். பெரிய படிப்பெல்லாம் படிக்கிறீக. எங்கள எங்க கண்ணுக்குத் தெரியப்போகுது?" பத்திரிகைப் பையோடு ஆச்சி திரும்பினார்.

ஒரு பக்கம் எட்டு மாதப் படிப்பு, மறுபக்கம் ஆயுள்காலப் பகை.

"வாங்க ஆச்சி!" என்று கத்தியே விட்டேன்.

உடனே கணினிக்குள்ளிருந்து கண்காணிப்பாளரின் குரல், அறையில் யார் என்று ஆங்கிலத்தில் அதட்டியது. ஆச்சி முகம் மலர்ந்து திரையருகே குனிந்தார்.

"அடடே, ஆளு வந்திருக்காகளா? சொல்லப்படாதா? வாங்க, வாங்க! சாப்பிட்டுத்தான் போகணும்."

பரீட்சை ரத்தானதாக ஒரு வரி தோன்றியது. திரை அணைந்தது.

"என்ன இது, போயிட்டு வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லாமப் போறாக?" ஆச்சிக்கு நிஜமாகவே வருத்தம்.

நாற்காலி வேறொருவருக்குப் போயிற்று. அடுத்த வருடம் சான்றிதழ் வாங்கிவிட்டேன். இன்னும் உதவியாளன்தான், ஆனால் சான்றிதழ் உள்ள உதவியாளன். வீட்டில் இணையம் நின்றுபோனால் உமையாள் இன்றும் கேட்கிறாள்: "அந்தப் பெட்டிய வாங்கன்னு கேட்டீகளா?"

பரீட்சைக்கு மறுநாள் காலை, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கும் முன்னால், அடுத்த தடவைக்காகப் பின்கதவில் ஒரு தாள் ஒட்டினேன். மூன்று நிற மையிலும் எழுதியது:

'வாங்க. எல்லாரும் வாங்க. இப்போதே கேட்டுவிட்டேன். உள்ளே பரீட்சை.'