கிளி ஒட்டிய கார்

புதுக் கார் வாங்கியவன் நாலு பேர் பார்க்க வாசலில் நிறுத்துவான். மலேசியாவின் கோப்பெங்கில் பழனியப்பன் மட்டும் வாங்கிய காரைப் பழைய படுக்கை விரிப்பால் மூடி வைத்திருந்தார்.

“பூசை போடாம நான் இந்தக் காடில ஏற மாட்டேன்,” என்றாள் மனைவி கலாதேவி.

“போடலாம் லா. கொஞ்சம் பொறு.”

“எதுக்குப் பொறுக்கணும்? என்ன, திருட்டுக் காடியா?”

திருட்டுக் கார் இல்லை. பழனியப்பனைக் கேட்டால் அதைவிட மோசம் என்பார். அது உள்நாட்டுக் கம்பெனியின் செரிண்டிட் கார். அதிலும், வெளிநாட்டுக்காரன் கம்பெனியை வாங்கிய பிறகு வந்த செரிண்டிட்.

தாமான் குடியிருப்பில் யார் கார் வாங்கினாலும் முதலில் அவரைத்தான் கேட்பார்கள். அவர் டயரை ஓர் உதை உதைத்து ‘ம்’ என்றால்தான் வியாபாரம் முடியும். கம்பெனி கைமாறிய செய்தி வந்த அன்று, கௌஸ் கடையில் தே தாரிக் குடித்தபடி தீர்ப்பே சொல்லிவிட்டார்.

“சின்னத்துல பச்சைக் கிளி போயி வெள்ளி வளையம் வந்திருச்சு. இனிமே அது நம்ம காடி இல்ல. எவனும் வாங்காதீங்க!”

அதைக் கேட்டுத்தான் அவருடைய உயிர் நண்பர் தேவன், செரிண்டிட்டுக்குப் போட்டிருந்த புக்கிங்கை ரத்து செய்தார். தேவனின் மனைவி ரொம்ப நாள் கணவரோடு பேசவில்லை.

இவ்வளவும் சொன்ன மனிதர் ஒருநாள் ஈப்போவில் சும்மா அந்தக் காரை ஓட்டிப் பார்க்கப் போனார். இருக்கையிலிருந்து முதுகுக்குக் குளிர்காற்று வந்தது. கொள்கை அங்கேயே உறைந்துபோனது.

“தேவனுக்குத் தெரிஞ்சா என் மூஞ்சிலயே முழிக்க மாட்டான் கலா,” என்றார். அந்தப் பயம் நிஜம். தேவன் இல்லாமல் கௌஸ் கடையில் தனியாக உட்காருவதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

ஆனாலும் பழனியப்பன் அசருகிற ஆளா? நேரே ஈப்போவில் சுஹைரின் கார் சாமான் கடைக்குப் போய், பழைய கிளிச் சின்னம் கேட்டார்.

“கடைசி ஒண்ணுதான் அண்ணே இருக்கு. இப்ப இதுக்குச் செம கிராக்கி. அதுவும் உங்க கோப்பெங் ஆளுங்கதான் வாங்குறாங்க.”

பழனியப்பனின் நெஞ்சு நிமிர்ந்தது. “பாத்தியா? பழசு மேல சனங்களுக்கு இருக்கிற நம்பிக்கை! எல்லாம் நான் சொல்லி வச்சது.”

“ஆமாண்ணே, உங்க பேரைத்தான் சொல்றாங்க,” என்று சொல்லி இரட்டைப்பக்க டேப்பையும் கொடுத்தான் சுஹைர்.

கிளி வெள்ளி வளையத்தைக் கச்சிதமாக மறைத்தது. நண்பகலில் கோயிலில் ஆள் இருக்காது என்று கணக்குப் போட்டு, மாரியம்மன் கோயிலுக்குக் காரை ஓட்டினார். ரப்பர்த் தோட்டம் தாமானாக மாறியபோதும் இடம் மாறாத கோயில் அது. கலாதேவி சொன்ன சொல் தவறாமல் பின்னால் நடந்தே வந்தாள்.

கோயில் வாசலில், பூசாரி ஜெயபாலனோடு பேசிக்கொண்டு தேவன் நின்றிருந்தார்.

“புதுக் காடியா மச்சான்?”

“பழைய கம்பெனி கடைசியா செஞ்சது. ஸ்டோர்லயே கெடந்துச்சு. வெளிநாட்டுக்காரன் கை படல.”

தேவன் குனிந்து கிளியையே உற்றுப் பார்த்தார். “நல்லா ஒட்டியிருக்கா?”

“ஒட்டுறதா? ஃபேக்டரில முடுக்குனது லா!”

பூசாரி நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, முன்கண்ணாடியில் மாலை சாத்தினார். பழனியப்பன் ஓட்டுவதற்குக் கதவைத் திறந்து ஏறினார்.

“செலாமட் தெங்ஙா ஹாரி, துவான் பழனியப்பன்!” என்று கார் மலாயில் வணக்கம் சொன்னது.

“பழைய காடி பேசுமா மச்சான்?”

“ரேடியோ லா!”

“ரேடியோவுக்கு உன் பேரு எப்படித் தெரியும்?”

காரின் வாயை அடைக்க ஒரு பொத்தானை அழுத்தினார். கூரை திறந்துகொண்டது. பூசாரி தெளித்த மஞ்சள் தண்ணீர் அதன் வழியாக இறங்கி, குளிர்காற்று வருகிற அந்த இருக்கையை நனைத்தது.

“ஐயோ, என் சீட்டு!”

கூரையை மூட இன்னொரு பொத்தானை அழுத்தினார். வைப்பர் எழுந்து மாலையை வாரி, தேவன் கழுத்தில் போட்டது.

“அடக்கடவுளே,” என்று கலாதேவி தலையில் கை வைத்தாள்.

கெட்ட சகுனம் வேண்டாமென்று பூசாரி செம்பில் மிச்சமிருந்த தண்ணீரைக் காரின் முகத்தில் ஊற்றினார். கிளி மெல்ல வழுக்கி எலுமிச்சம்பழத்தின் பக்கத்தில் விழுந்தது. வெள்ளி வளையம் வெயிலில் பளிச்சென்று மின்னியது.

இனி மறைக்க ஒன்றுமில்லை. பழனியப்பன் காரைவிட்டு இறங்கினார்.

“மச்சான், மன்னிச்சிரு. ஊருக்கெல்லாம் வேணாம்னு சொல்லிட்டு நானே வாங்கிட்டேன். உன் புக்கிங்கையும் கெடுத்தேன். நீ என்னை விட்டுப் போயிருவியோன்னு பயந்துதான் இந்தக் கூத்து.”

தேவன் கழுத்தில் மாலையோடு தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பூசாரி குனிந்து கிளியை எடுத்துத் துண்டில் துடைத்தார்.

“சுஹைர் கடை டேப்பு தண்ணி பட்டா நிக்காதுண்ணே. போன வாரம் தேவன் அண்ணன் காடிலயும் கிளி இப்படித்தான் விழுந்திச்சு. இருங்க, அன்னைக்குப் போட்ட பசை உள்ள மிச்சம் இருக்கு.”