பதினோரு நிமிட மகான்

பதினோரு நிமிடத்தில் சர்க்கரை நோய் ஓடிவிடுமாம். கொழுப்பு அதற்கும் முன்னாலேயே கிளம்பிவிடுமாம். விடுவார்களா மக்கள்? காலை ஆறு மணிக்கே வாடகை அரங்கின் வாசலிலிருந்து வரிசை நீண்டு, பல் மருத்துவர் வீட்டு மதில்வரை போயிருந்தது. பல் மருத்துவரும் வரிசையில்தான் நின்றார். படிப்பு வேறு, புத்தி வேறு என்று அவரைப் பார்த்தாலே விளங்கும்.

மகானின் முறை எளிது. நோயாளியின் கையில் ஒரு சர்க்கரைக் கட்டி தருவார். "நல்லாத் தேய்ங்க. உங்க நோயை அதுகிட்ட சொல்லுங்க" என்பார். தேய்த்த விரலிலேயே ஊசி, ஒரு சொட்டு ரத்தம், சோதனைக் கருவி. பெரிய திரையில் எண் வந்ததும் கூட்டம் "ஐயோ!" என்று அலறும். பிறகு நாக்கில் மூன்று சொட்டு மருந்து, மந்திரித்த தண்ணீரில் கைகழுவல், பதினோரு நிமிடம் கண்மூடல், மறுபடி ஊசி. எண் பாதியாய் இறங்கியிருக்கும். குப்பியின் விலையைச் சொன்னால் உங்களுக்கே சர்க்கரை ஏறும், விடுங்கள்.

லாரி ஓட்டுநர் ஒருவர் இந்தச் சொட்டை நம்பி மாத்திரையை நிறுத்திப் பத்தொன்பது நாளாயிற்று. கால் கட்டைவிரல் புண் கறுத்துக்கொண்டிருந்தது. விரல் போகும், அடுத்துக் கால் போகும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஓட்டுநரின் தங்கைக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் புது மருந்து உருவாக்குகிறவள். எட்டு வருடத்தில் அவள் குழு நானூறு சேர்மங்களைச் செய்து பார்த்து, முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டைக் குப்பையில் போட்டது. மீதி இரண்டும் இன்னும் எலியைத் தாண்டவில்லை.

"மாத்திரையைப் போடுண்ணே. கெஞ்சிக் கேக்குறேன்."

"எட்டு வருஷமா நீ என்னத்தக் கிழிச்ச? அவரு பதினோரு நிமிஷத்துல நானூத்திப் பன்னெண்டை இருநூத்தி முப்பத்தாறுக்கு இறக்கிட்டாரு!"

"இருநூத்தி முப்பத்தாறும் அதிகம்தான்ணே."

"எறங்குச்சா இல்லையா, அதைச் சொல்லு!"

அவளுக்கு ஆத்திரம் வந்தது. அதைவிடப் பயம் வந்தது. அண்ணனோடு தானும் அரங்கத்துக்குப் போய் மேடை ஏறினாள். நோய் எதுவும் இல்லாதவள் கட்டியைத் தேய்த்தாள். திரையில் முந்நூற்றுப் பதினெட்டு!

"பாவம், இந்த வயசுலயே!" என்றது கூட்டம்.

மகான் சொட்டை நீட்டினார். அவள் தலையை ஆட்டினாள்.

"சொட்டு வேணாங்க. அந்த ஓரத்துக் குழாயில சோப்புப் போட்டுக் கையை மட்டும் கழுவிக்கிறேன்."

"மருந்து இல்லாம எப்படிம்மா குறையும்?"

"எங்க தொழில்ல புது மருந்தை மனுஷங்களுக்குக் கொடுத்துப் பாத்தா, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரையைத்தான் தருவோம். அவங்களுக்கும் அதே அளவு குறைஞ்சா அந்த மருந்து குப்பைக்கு. உங்களதையும் அப்படிப் பாத்துரலாமே?"

"நம்பிக்கை இல்லாதவங்களுக்குப் பலிக்காது!" என்று மகான் சீறினார்.

"கழுவட்டும் சாமி," என்றார் கீழிருந்து அண்ணன். "குறையலேன்னா உங்களுக்குத்தானே பெருமை!"

பக்தரே கேட்டுவிட்டார். மகான் என்ன செய்வார்? கழுவினாள். ஊசி குத்தினார்கள். தொண்ணூற்று மூன்று.

அவள் அண்ணனை மேலே இழுத்து, கட்டியைத் தொடவிடாமல், கையை அழுந்தக் கழுவவைத்து, தானே ஊசி குத்தினாள். இருநூற்று எண்பத்தேழு.

"இதுதாண்ணே உன் ரத்தம். முதல் ஊசியில இவரு காட்டினது விரல்ல ஒட்டியிருந்த சர்க்கரை. ரத்தத்துல ஒண்ணுமே குறையல. பத்தொன்பது நாளா ஏறிக்கிட்டுத்தான் இருக்கு."

அண்ணன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார். கண் கலங்கியது. "வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார். அதற்குள் மகான் பின்வாசல் வழியாக நழுவப் பார்த்து, பல் மருத்துவரின் பிடியில் மாட்டிக்கொண்டார்.

கூட்டம் திருந்திவிட்டது என்றா நினைக்கிறீர்கள்? அண்ணனும் தங்கையும் வெளியேறும்போது ஓரத்துக் குழாயடியில் புதிதாய் ஒரு வரிசை. ஆளுக்கொரு காலி பாட்டில்.

"சொட்டே இல்லாம முந்நூறை இறக்கிருச்சே இந்தத் தண்ணி!"

தங்கை குழாயை இறுக மூடினாள்.

"ரத்தத்துச் சர்க்கரைக்கு நாங்க மருந்து தேடிக்கிட்டிருக்கோம். உங்க மூளையை மட்டும் நீங்கதான் திறந்து பாத்துக்கணும். அதுக்கு எந்தக் கூடத்துலயும் மாத்திரை கிடையாது!"