என் கூடத்தில் என்னையே பாடியது குறித்து

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை விஜயகுமார் அவர்களுக்கு,

போடிநாயக்கனூரிலிருந்து உங்கள் அக்காவைக் கட்டியவன் சுருளிவேல் எழுதுவது. இங்கே உங்கள் அக்கா வீரலட்சுமி சுகம். முழங்கால் வலிகூட நாலைந்து நாளாக இல்லையாம். விழுந்து விழுந்து சிரித்ததில் போய்விட்டது என்று அவளே சொல்கிறாள். நானும் உடம்பளவில் சுகம்தான். கோயம்புத்தூரில் நீங்களும் தங்கச்சி பானுப்பிரியாவும் மனசளவிலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். இந்த வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும். பேசுவது நான், பதில் சொல்வது உங்கள் அக்கா. இது அவள் காதில் விழக்கூடாத விஷயம். ஆகவே தபால் நிலையம் வரை நடந்துபோய் உறை வாங்கிவந்து, கரண்ட் பில்லைச் சரிபார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விஷயம் உங்கள் மகள் அனுசியா. தங்கமான பிள்ளை, குறை சொல்லவில்லை. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளை சனி ஞாயிறு வந்தால் தூங்கலாம், துணி துவைக்கலாம். இவளோ ஊர் ஊராகப் பாட்டுத் திருவிழாக்களுக்குப் போய், புல்தரையில் உட்கார்ந்து, யாருக்கும் பெயர் தெரியாத பாட்டுக்காரர்களாகத் தேடிப் பிடிக்கிறாள். பெயர் தெரிந்துவிட்டால் அவளுக்கு ஆர்வம் போய்விடுகிறது. "அவங்கள இப்ப எல்லாருக்கும் தெரியும் மாமா" என்று ஒரு பாடகரைப் பற்றி அவள் சொன்னபோது, துக்கம் விசாரிக்கிற குரலில்தான் சொன்னாள். பிடித்தவர்களை யாராவது ஒருவர் வீட்டில் பாட வைத்து முப்பது நாற்பது பேரைக் கேட்க வைக்கிறாள். அதற்கு வீட்டுக் கச்சேரி என்று பெயர். போன மாதம் இங்கே வந்தவள் எங்கள் கூடத்தின் நடுவில் நின்று இரண்டு தடவை கைதட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இங்க எதிரொலி அற்புதமா இருக்கு" என்றாள். சாமான் இல்லாத கூடம் எதிரொலிக்கத்தான் செய்யும். ஆனால் இந்த வீட்டில் எதையும் யாரும் அற்புதம் என்று சொன்னதில்லை. நான் மயங்கி, சரி என்று சொல்லிவிட்டேன். என் முதல் தவறு அது.

கச்சேரி என்றால் எனக்குத் தெரிந்த கச்சேரிதானே? மைக் செட் பால்பாண்டியிடம் சொல்லி நாலு குழாய் ஸ்பீக்கர், கல்யாண மண்டபத்திலிருந்து ஐம்பது நாற்காலி, ஒரு பொன்னாடை, வாசலுக்கு ஒரு ஃப்ளெக்ஸ் என எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்தேன். பாடுகிறவர் படம் கிடைக்காததால் ஃப்ளெக்ஸில் என் படத்தையே போட்டார்கள். படத்தில் நான் இரு கையும் கூப்பியிருந்தேன், ஆளுயரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுசியா வந்து இறங்கினாள். ஸ்பீக்கர் வேண்டாம், பாட்டு இயல்பாகக் கேட்க வேண்டும் என்றாள். பால்பாண்டி தான் அவமானப்பட்டதாகச் சொல்லி அதைக் கழற்றிக்கொண்டு போனார். நாற்காலி வேண்டாம், தரையில் உட்கார்ந்தால்தான் நெருக்கம் வரும் என்றாள். பொன்னாடையைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசியில் மின்விசிறியும் வேண்டாம், அதன் சத்தம் பாட்டுக்குள் வந்துவிடும் என்றாள். ஃப்ளெக்ஸை மட்டும் பார்த்து ரொம்ப நேரம் சிரித்துவிட்டு, "இது இருக்கட்டும் மாமா" என்றாள். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மாலை நாலு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். பெங்களூர்ப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர், கொச்சியிலிருந்து ஒரு தம்பதி, நம் தெருப் பல் டாக்டர், அவருடைய வீட்டம்மா, இன்னும் யார் யாரோ. கூட்டத்தில் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு பெண். சாந்தன்பாறைப் பக்கத்துப் பெண், பெயர் ஜெஸ்ஸி, அங்கே சர்ச்சில் கிடார் வாசிக்கிறவள். ஆக, பாடுபவர் இவர்தான் என்று கும்பிட்டு உள்ளே அழைத்தேன். அவளுக்குப் பின்னால் யார் வந்தது என்று நினைக்கிறீர்கள்? நம் பேச்சி! போடிமெட்டுக்கு மேலே ஏலத் தோட்டத்தில் நான் இருபத்தேழு வருஷம் சூப்பர்வைசராக இருந்தேனே, அதில் பன்னிரண்டு வருஷம் என்னிடம் காய் எடுத்தவள். இப்போது சிலமலையில் இருந்துகொண்டு தினமும் ஜீப்பில் மலைக்குப் போகிறாள். சமையலுக்கு ஒத்தாசையாக வீரலட்சுமி வரச் சொல்லியிருப்பாள் என்று எண்ணி, பழைய பாசத்தில், "வா பேச்சி, நல்ல நேரத்துல வந்த! வெரசா அந்தப் பாய விரி, ஆளுக நிக்கிறாக" என்றேன். பேச்சி பாயை விரித்தாள். ஜெஸ்ஸி மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். "என்னம்மா, உடம்புக்கு ஆகலையா?" என்றேன். "ஒண்ணுமில்ல அங்கிள்" என்றாள், கண்ணில் தண்ணீரோடு.

பாய் விரித்த பேச்சி அதே பாயின் நடுவில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஜெஸ்ஸி கிடார்க் கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்தாள். அனுசியா எழுந்து, மலைமேல் நடந்த ஒரு திருவிழாவில் பெரிய குழு ஒன்று பனிமூட்டத்தில் சிக்கி வராமல் போனதாகவும், கூட்டம் கலையாமல் இருக்கப் பத்து நிமிஷம் யாராவது பாடுங்கள் என்று கேட்டதற்கு இந்த அக்கா ஏறிப் பாடியதாகவும், கேட்டதும் தனக்கு உடம்பு சிலிர்த்ததாகவும், எல்லாம் அவர்களே கட்டிய பாட்டுகள் என்றும் சொன்னாள். பாடகியைப் பாய் விரிக்கச் சொல்லியிருக்கிறேன்!

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மாப்பிள்ளை. அவள் வாயைத் திறந்ததும் மின்விசிறி இல்லாதது யாருக்கும் தெரியவில்லை. முதல் பாட்டு, விடியக்காலையில் பதினாறு பேர் ஒரே ஜீப்பில் அடைந்து மலையேறுவது. இரண்டாவது, தோட்டத்தில் ஒரே ஒரு பாறைமேல் நின்றால்தான் செல்போனில் சிக்னல் கிடைப்பதும், அதில் ஏறி நின்று புருஷனோடு சண்டை போடுவதும். பன்னிரண்டு வருஷம் கூட இருந்தும் இந்தக் குரல் இவளிடம் இருப்பது எனக்குத் தெரியாது. பெருமை தாங்காமல் பல் டாக்டர் பக்கம் சாய்ந்து, "நம்ம தோட்டத்துப் பிள்ள, நான் வேல பழக்குனது" என்றேன். டாக்டர் என்னைப் புது மரியாதையோடு பார்த்தார். அந்த மரியாதை சரியாக இரண்டு நிமிஷம் இருந்தது.

மூன்றாவது பாட்டு இப்படி ஆரம்பித்தது:

மூடுபனி வெலகுமுன்னே
மஞ்சக் கொட நடந்து வரும்
கொடைக்குள்ள ஆளு உண்டா – இல்ல
கொரலு மட்டும் குடியிருக்கா?
வெரசா... வெரசா...

யாரோ ஒரு சூப்பர்வைசரைப் பாடுகிறாள் என்று நானும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். அடுத்த அடி வந்தது:

பூவு பூக்க நாளாகும் – அந்தப்
பூவப் பாத்தும் வெரசான்பாரு
மேகம் கொஞ்சம் தயங்கி நின்னா – அந்த
மேகத்தையும் வெரட்டுவாரு
வெரசா... வெரசா...

அப்போதுதான் கவனித்தேன், யாரும் பேச்சியைப் பார்க்கவில்லை. பெங்களூர்ப் பிள்ளைகள் திறந்த வாசல் வழியாக ஃப்ளெக்ஸைப் பார்க்கிறார்கள், பிறகு என்னைப் பார்க்கிறார்கள். கொச்சிக்காரருக்கு அனுசியா காதோடு ஏதோ சொல்ல, அவரும் திரும்பி என்னைப் பார்த்துக் கும்பிட்டார். உங்கள் அக்கா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அடுக்களைக் கதவில் சாய்ந்திருந்தாள். மூன்றாம் தடவை "வெரசா" வந்தபோது பல் டாக்டர் உட்பட முப்பத்தைந்து பேரும் சேர்ந்து பாடினார்கள், என் கூடத்தில், என் எதிரொலியோடு. தோட்டத்தில் எனக்கு அதுதான் பட்டப்பெயர் என்பதை, வேலையை விட்டு இரண்டு வருஷம் கழித்து, இப்படித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

எழுந்துவிட்டேன். கோபத்தில்தான் எழுந்தேன். பாட்டு நின்றது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கண்டித்து நாலு வார்த்தை சொல்ல வாயைத் திறந்தால், வந்தது இதுதான்: "மஞ்சக் கொட இல்ல. கறுப்புக் கொட."

பேச்சி ஒரு நொடி யோசித்தாள். "ஆமாண்ணே. தப்புதான்" என்றாள். ஜெஸ்ஸியைப் பார்த்துத் தலையசைத்து, முதலிலிருந்து முழுப் பாட்டையும் கறுப்புக் குடையோடு மறுபடி பாடினாள். கைதட்டல் ஓயவே இல்லை. திருத்தம் சொல்லி நானே இரண்டாம் தடவை பாட வைத்திருக்கிறேன்.

எல்லோரும் காப்பி குடிக்கும் நேரத்தில் நான் அடுக்களைக்குள் போய்த் தண்ணீர்ப் பானை பக்கத்தில் நின்றேன். பேச்சி பின்னாலேயே வந்தாள்.

"அண்ணே, கோவமா?"

"கோவம் என்ன கோவம். இத்தன வருசத்துல ஒரு ஆளுகூட எங்கிட்டச் சொல்லலியே."

"எப்பச் சொல்ல? நின்னு பேச விட்டாத்தானே நீங்க?"

எனக்குப் பொறுக்கவில்லை. மனசில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "அந்த ஆகஸ்டு மழையில லயத்து வீடுகளுக்குப் பின்னாடி மண்ணு சரிஞ்சுச்சே பேச்சி, மறந்துட்டியா? சட்டி பானைய எடுக்கப்போனவுகளையெல்லாம் வெரசா வெரசான்னு கத்தி வெளிய வெரட்டினேனே. அது மட்டும் ஏன் பாட்டுல இல்ல?"

அவள் கையிலிருந்த டம்ளரைச் சுற்றிக்கொண்டே நின்றாள். "இருந்துச்சுண்ணே. மொத மொத நான் கட்டுனது அதத்தான். எம் மகளையும் தூக்கிக்கிட்டு ஓடுனீகல்ல. ஆனா பாட முடியல. ரெண்டாவது வரியில தொண்ட அடைச்சுக்கிருது. ஜெஸ்ஸிதான், அக்கா, சிரிப்பு வர்ற மாதிரி ஒண்ணு கட்டு, அதப் பாடிப் பாடித் தைரியம் வரட்டும்னுச்சு. அதான் கொடைய வச்சுக் கட்டுனேன்."

பானை மூடியைத் திறந்து மூடினேன். "காப்பி ஆறுது, குடி" என்றேன். கூடத்தில் யாரோ மறுபடி அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் நான் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். மறுநாள் கடைவீதியில் ஆட்டோக்காரர் வண்டியை ஓரம்கட்டி, "ஏறுங்கண்ணே, வெரசா போயிரலாம்" என்று சொல்லிச் சிரிக்கிறார். பல் டாக்டர் வீட்டம்மா கோயிலில் தீபாராதனைக்கு நடுவில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். போனை வெளியே எடுக்கக்கூடாது என்று அனுசியா எல்லோருக்கும் சொல்லியிருந்தும் உங்கள் அக்கா பாட்டைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்து, நான் கூப்பிட்டால் அதுதான் அடிக்கும்படி வைத்திருக்கிறாள். அந்தச் சொல்லை இனி சொல்வதில்லை என்று முடிவெடுத்ததில், குளியலறையிலிருந்து துண்டு கேட்கக்கூட வழியில்லாமல் ஈரத்தோடு நிற்கிறேன். இதெல்லாம் ஒரு தெருவோடு போகட்டும். அடுத்த மாதம் கொச்சியில் பெரிய திருவிழாவாம். இரண்டாயிரம் பேர் வருவார்களாம். அங்கே பேச்சியையும் ஜெஸ்ஸியையும் உங்கள் மகள் மேடையேற்றப்போகிறாள். இரண்டாயிரம் பேர், மாப்பிள்ளை! மலையாளிகளும் சேர்ந்து என்னைப் பாட வேண்டுமா?

ஆகவே பெற்ற தகப்பன் என்ற முறையில் நீங்கள் அனுசியாவிடம் கண்டிப்பாகப் பேச வேண்டும். பேச்சி பாடட்டும்; அந்த ஜீப்புப் பாட்டைப் பாடட்டும், பாறைப் பாட்டைப் பாடட்டும். இந்தப் பாட்டு மட்டும் கூடாது. பாடியே தீருவேன் என்றால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு "சீக்கிரம்" என்று போடட்டும். மெட்டில் உட்காரவில்லைதான், நானே பாடிப் பார்த்தேன். இருந்தாலும் முயன்றால் முடியும். என் பெயர் வராமல் பக்குவமாகச் சொல்லவும். இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்லவும். உங்கள் வீட்டில் நோய்நொடி அண்டாமல், கேட்ட மழை கேட்ட நேரத்தில் பெய்து, நீங்கள் இருவரும் நூறு வயது வரை யாருடைய பாட்டிலும் அகப்படாமல் வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா வீட்டுக்காரர்,
சுருளிவேல்,
ஏலத் தோட்ட சூப்பர்வைசர் (ஓய்வு)

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போட மறந்து மூன்று நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்துவிட்டேன். அதற்குள் அனுசியா கூப்பிட்டாள். கொச்சி மேடையில் அந்தக் குரலைக் கொடுக்க ஒரு ஆள் வேண்டுமாம். "அண்ணே கத்துனாத்தான் அது அதா இருக்கும், நாங்க கத்துனா வெறும் சத்தம்" என்று பேச்சி சொல்லிவிட்டாளாம். இரண்டு தடவை மறுத்தேன். மூன்றாம் தடவையும் மறுத்தால் மரியாதையாக இருக்காது என்பதால் ஒத்துக்கொண்டேன். ஒத்திகை நேற்றே தொடங்கிவிட்டது. என் குரல் நன்றாக எழும்புகிறதாம். ஆகவே மேலே எழுதிய எதையும் அனுசியாவிடம் பேசிவிட வேண்டாம். இன்னொன்று. பாட்டு சின்னதாக இருக்கிறது, இன்னும் ஒரு அடி வேண்டும் என்று பேச்சி சொன்னாள். என் கல்யாணம் முடிந்த புதிதில் நீங்கள் தோட்டத்துக்கு வந்து, காலில் அட்டை ஏறியதைப் பார்த்து, உயிர் போகிறது என்று அலறி, சுமை ஏற்றி நின்ற ஜீப்பைக் காலி பண்ண வைத்துப் போடி ஆஸ்பத்திரிக்குப் போனதை நான் சொன்னேன். பேச்சிக்கு மிகவும் பிடித்துவிட்டது. பாதி கட்டிவிட்டாள். எந்தக் கால் என்று தெரியாமல்தான் அடி நிற்கிறது. வலதா, இடதா என்று உடனே பதில் எழுதவும்.