அதிபரை எடை போட்ட தராசு

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ராஜபாளையத்தில் வாடகைக்கு ஒரு ஓட்டைத் தறி பிடித்தவன், இன்று முப்பது விசைத்தறி ஓட்டுகிறேன். ஷெட் போட்டேன், தண்ணிக்குப் போர் போட்டேன், அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி அனுப்பினேன். எல்லாம் தனி ஆளாக. ஆனாலும் என்னை மிஞ்சிய ஆள் ஒருவர் உண்டு. அமெரிக்க அதிபரையே தட்டில் வைத்து எடை போட்டவர் இந்த உலகத்தில் எங்கள் தராசு அண்ணாச்சி ஒருவர்தான்.

என் ஷெட்டுக்கு எதிரே கழிவு நூலை எடைக்கு வாங்கும் கடை அவருடையது. அவர் தராசு முள் மயிரிழை பிசகாது என்று தறிக்காரர்கள் அத்தனை பேரும் அங்கேதான் போடுவார்கள். சனிக்கிழமை டீ நேரத்தில் மட்டும் அந்தத் தராசுக்கு வேறு உத்தியோகம். வலது தட்டு ‘தேவலை’, இடது தட்டு ‘தேறாது’. அதிபரின் ஆட்சியைப் பற்றி நூல் சுற்றும் காலி அட்டைக் கோன் ஆளுக்கு ஒன்று போட வேண்டும். இறங்கிய தட்டுதான் இந்திய மக்களின் கருத்து, கரும்பலகையில் எழுதிவிடுவார். அவர் மட்டும் போட மாட்டார். தராசு பிடிக்கிறவன் சாயக் கூடாதாம்.

வத்திராயிருப்புத் தேங்காய் லாரிக்காரர் ஒருமுறை கோனுக்குப் பதிலாகத் தேங்காயையே வைத்தார். தன் அபிப்பிராயம் கொஞ்சம் கனமானது என்றார். அண்ணாச்சி தேங்காயை டீக்கடைச் சட்னிக்கு அனுப்பிவிட்டு, அவர் கையில் ஒரு கோனைக் கொடுத்தார்.

பிறகு அதிபர் நம் சரக்குக்கு வரியை ஏற்றினார். ரெண்டு ஷிப்ட் ஒன்றானது. என் ஷெட்டில் கோன் சுற்றும் ஜெபமணி அந்த வாரம் தராசுக்கு முன்னால் நின்று, “ஒண்ணு பத்தாதுண்ணே, ரெண்டு போடுதேன்” என்றாள்.

“ஆளுக்கு ஒண்ணுதான் தாயி. கோவத்துக்குத் தனிக் கோன் கெடையாது.”

நானோ, அதிபரும் என்னைப் போல வியாபாரி, வரியை இறக்கிவிடுவார், எனக்குத் தெரியாதா என்று டீக்கடையில் அளந்து வைத்திருந்தேன். அடுத்த சனிக்கிழமை அமெரிக்கக் கம்பெனி ஆள் ஷெட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. எதிரே பலகையில் ‘தேறாது’ என்றிருந்தால் என்ன ஆவது? வருகிறவருக்குத் தமிழ் தெரியாது என்பது இந்த மூளைக்கு எட்டவில்லை. தறி நட்டு ஒன்றை, இருப்பதிலேயே பெரிசாகப் பார்த்து, கோனுக்குள் திணித்து, மேலே கழிவு நூலை அடைத்து, ‘தேவலை’யில் வைத்தேன்.

இடது தட்டில் கோன்கள் மலையாகக் கிடக்க, ஏழெட்டுக் கோன் கிடந்த வலது தட்டு இறங்கியது. அண்ணாச்சி முள்ளை மூன்று தடவை பார்த்தார். தராசை நம்பித் ‘தேவலை’ என்று எழுதினார்.

ஜெபமணிதான் கேட்டாள். “குவியல் இங்க, கனம் அங்கயா? எங்க நூலையும் இம்புட்டு நாளா இப்பிடித்தான் நிறுத்தீராண்ணே?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் டீ டம்ளரை வைத்துவிட்டு ஷெட்டுக்குள் நுழைந்துகொண்டேன்.

திங்கட்கிழமை ஒருவரும் அவர் கடைக்கு நூல் கொண்டுவரவில்லை. சாயங்காலம் அவர் என் ஷெட்டுக்கு வந்து மேஜையில் அந்த நட்டை வைத்தார். “ஒங்க தறி நட்டு மொதலாளி. இது இல்லாம தறி ஆடும். மாட்டிக்கிடுங்க.”

நட்டு விஷயத்தை எவரிடமும் சொல்லவும் இல்லை. ஒரு மாதத்தில் கடையை மூடிவிட்டார்.

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடையில் நிறுக்கிறார். போன வாரம் போய்க் கால் கிலோ கேட்டேன். மின் தராசு பக்கத்திலேயே இருக்க, தன் பழைய தராசை எடுத்து, முள் நடுவில் நிற்கும்வரை துணுக்குத் துணுக்காக வைத்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நானும் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஷெட்டுக்கும் போருக்கும் என் பேரைப் போடு என்று ஊரோடு சண்டை பிடித்தவன் நான். இதை அச்சடிக்கிறவர்களே, இதற்கும் என் பேரைப் போடுங்கள். அண்ணாச்சியின் தராசு சரி, நட்டு என்னுடையது. எழுத்தைக் கொஞ்சம் பெரிசாகப் போடுங்கள். ஜெபமணிக்குக் கண் மங்கல், அவள் வாசிக்க வேண்டும்.